நரம்பின் தூதும் தோட்டத்து நஞ்சும்

இலங்கையின் மேற்குக் கரையிலே, ஒருபுறம் புத்தளக் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டித் தீபகற்பம். அதன் கடலோரத்து ஊர்களுள் ஒன்று நுரைச்சோலை. 2011 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்னிலையத்தினால் இவ்வூரின் பெயர் நாடெங்கும் பரவிற்று. ஆயினும், மின்னிலையத்தின் புகைபோக்கி எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வூரும் அயலூர்களும் வேறொரு காரணத்தால் அறியப்பட்டிருந்தன. மணற்பாங்கான நிலத்திலே, ஆழங்குறைந்த கிணறுகளின் நீரை இறைத்து, வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் விளைவித்துச் சந்தைக்கு அனுப்பும் தோட்டக்காரரின் உழைப்பே அக்காரணமாகும்.

இந்த உழைப்புக்குப் பகை பல. வெங்காயத் தாளைப் புழு அரிக்கும். மிளகாய்க் கொழுந்தைப் பேன் உறிஞ்ச, இலை சுருண்டுவிடும். எனவே கிருமிநாசினி தெளிப்பது தோட்ட வேலையின் ஓர் அங்கமாகிவிட்டது. முதுகிலே மருந்துத் தாங்கியைச் சுமந்து பாத்திகளுக்கிடையே நடக்கும் ஒரு தோட்டக்காரரைக் கூர்ந்து நோக்கினால், உடலின் பெரும் விந்தையொன்று புலனாகும். கண் இலைகளை ஆராய்கிறது. ஒரு கை தெளிகுழாயை இலைக்கு நேரே பிடிக்கிறது. மறு கை பம்பின் கைப்பிடியை இயக்குகிறது. கால்களோ வரம்பு பிசகாது அடிவைக்கின்றன. இவையாவும் ஒரே வேளையில், ஒன்றோடொன்று இசைந்து, அவர் எண்ணிப் பாராமலே நடைபெறுகின்றன.

இந்த இசைவை நடத்துவது நரம்புத் தொகுதி. அவர் முதுகிலே சுமக்கும் மருந்து பெரும்பாலும் எதைக் குலைப்பதற்காக ஆக்கப்பட்டது? பூச்சியின் நரம்புத் தொகுதியையே. பூச்சியின் நரம்பும் மனிதனின் நரம்பும் ஒரே தூதுப் பொருளைக் கையாளுகின்றன என்பதை அறிந்தவர் அம்மருந்தை அசட்டையாகக் கையாளார். அவ்வறிவு எவ்வாறு வந்தது என்பதையும், அதிலே இலங்கை மருத்துவர்களுக்கு உள்ள பெரும்பங்கையும் அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து.

முதலிற் பார்வையை எடுத்துக்கொள்வோம். இலையிலிருந்து வரும் ஒளி கண்ணின் விழித்திரையிற் படுகிறது. அங்கே அது நரம்புச் செய்தியாக மாறி, மூளையின் பிற்பகுதியைச் சென்றடைகிறது. உருவம், நிறம், அசைவு என்பன ஆங்கு பகுத்தறியப்படுகின்றன. கையை எங்கே நீட்டுவது என்ற தீர்மானம் மூளையின் முற்பகுதியிலே உருவாகிறது. எவ்வளவு விசையோடு, எவ்வளவு விரைவாக என்பதைச் சிறுமூளை இடையறாது திருத்துகிறது. பின்னர் கட்டளை முதுகெலும்பினுள் ஓடும் முண்ணாண் வழியே இறங்கி, ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 50 மீற்றர் வேகத்திற் கைத்தசையை அடைகிறது.

பார்வை வேறு, இயக்கம் வேறு என்று எண்ணுதல் வழக்கம். உண்மையிலே பார்த்தலும் ஓர் இயக்கமே. ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் திருப்புகின்றன. விழித்திருக்கும்போது கண் ஒரு செக்கனில் ஏறக்குறைய 3 தடவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவுகிறது. கண்ணின் உள்ளேயும் நுண்ணிய தசைகள் உள. ஒருவகைத் தசை வெயிலிற் கண்மணியைச் சுருக்கி ஒளியை மட்டுப்படுத்துகிறது. வேறொன்று கண்வில்லையின் வளைவை மாற்றி, அருகிலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டுகிறது. நரம்பின் ஆணையின்றி இவற்றுள் எதுவும் நிகழாது.

இனி, இந்த ஆணை தசையை எவ்வாறு அடைகிறது? நரம்பு நுனி தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு சிறு வெளி உண்டு. ஒரு மில்லிமீற்றரை இருபதினாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அதன் அகலம். அச்சிறு வெளியைச் செய்தி எப்படிக் கடக்கிறது என்பது அறிவியலாளரை நெடுங்காலம் மயக்கிற்று. மின்பொறி போலப் பாய்கிறது என்றனர் சிலர். ஏதோ ஒரு பொருள் சுரந்து கடக்கிறது என்றனர் வேறு சிலர்.

1921 ஆம் ஆண்டிலே ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒற்றோ லூவி என்பவர் இதற்கு விடை கண்டார். சோதனை செய்யும் முறை அவருக்குக் கனவிலே தோன்றியது என்பர். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்துத் தனித்தனியே உப்பு நீரில் துடிக்கவிட்டார். ஓர் இதயத்துக்குச் செல்லும் நரம்பைத் தூண்டவே அதன் துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயம் இருந்த நீரை எடுத்து மற்றைய இதயத்தின்மேற் செலுத்தினார். அந்த இதயத்தின் நரம்பை எவரும் தீண்டவில்லை. எனினும் அதன் துடிப்பும் தளர்ந்தது. நரம்பு ஏதோ ஒரு பொருளை நீரிலே விட்டது என்பது ஐயமற விளங்கிற்று. அப்பொருள் அசற்றைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று. இங்கிலாந்தின் ஹென்றி டேலும் அவர் துணைவரும், கை கால் தசைகளை இயக்கும் நரம்புகளும் இதே தூதுப் பொருளையே விடுகின்றன என்று காட்டினர். லூவியும் டேலும் 1936 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆனால் தூது அனுப்புவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. தூதுப் பொருள் தசையின்மேல் தங்கிவிட்டால், ‘சுருங்கு’ என்ற ஆணையும் தங்கிவிடும். விரலை மடக்கியவர் அதனை மீண்டும் நீட்ட முடியாது. வெயிலிற் சுருங்கிய கண்மணி நிழலில் விரியாது. எனவே தூது சேர்ந்த அக்கணமே அது அழிக்கப்படவேண்டும். அத்தொழிலைச் செய்வது அசற்றைல்கோலினெசுத்தரேசு என்னும் நொதியம். இதன் ஒரு மூலக்கூறு ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தூது மூலக்கூறுகளைப் பிளந்துவிடும். கரும்பலகையில் எழுதுபவர் ஒருவர், அழிப்பவர் ஒருவர் எனக் கொண்டால், அழிப்பவர் நின்றுவிட்ட பலகையிலே சிறிது நேரத்தில் எந்த எழுத்தையும் படிக்க இயலாது போகும். நரம்பின் ஆட்சியில் அனுப்புதல் பாதி, அழித்தல் பாதி. இதனை மனத்திற் கொண்டால் நஞ்சின் செயல் எளிதில் விளங்கும்.

அழிக்கும் நொதியத்தைக் கட்டிப்போடும் பொருள்கள் இயற்கையிலேயே உள. மேற்கு ஆபிரிக்காவிலே கலபார் என்னும் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஒருவகை அவரை விதையை ஊட்டி, அவன் பிழைத்தால் நிரபராதி எனத் தீர்ப்பளிக்கும் வழக்கம் இருந்தது. எடின்பரோவைச் சேர்ந்த ஆகைல் றொபேட்சன் என்ற கண்மருத்துவர் 1863 இல் அவ்விதையின் சாற்றைத் தமது கண்ணிலேயே இட்டுப் பார்த்தார். கண்மணி ஊசித்துளை போலச் சுருங்கிற்று. தூரப் பொருள்கள் மங்கின. அச்சாறு அழிக்கும் நொதியத்தைத் தடுப்பதே காரணம் என்பதை லூவியும் அவர் துணைவர் ஒருவரும் 1926 இல் வெளிப்படுத்தினர்.

இயற்கை செய்ததை இரசாயனம் பன்மடங்கு வலிமையோடு செய்தது. ஜேர்மனியிலே கெகாட் சிறாடர் என்ற இரசாயன அறிஞர் புதிய பூச்சிகொல்லிகளைத் தேடிச் சேதனப் பொசுபரசுச் சேர்வைகளை ஆராய்ந்தார். 1936 இல் அவர் கண்ட ஒரு சேர்வை பூச்சியை மட்டுமன்றி மனிதரையும் கொல்லத்தக்கதாயிருந்தது. அது போர் நஞ்சாக மாறிற்று. அதே குடும்பத்தின் வலிமை குறைந்த உறுப்பினர்கள் உலகப் போரின் பின் விவசாயத்தினுட் புகுந்தன. இவை நொதியத்தோடு இறுகப் பிணைந்து அதனைச் செயலிழக்கச் செய்வன. பூச்சி துடிதுடித்து மடிவது இதனாலேயே. தோலின் வழியாகவோ, மூச்சின் வழியாகவோ, வாயின் வழியாகவோ மனித உடலினுட் புகுந்தால் அங்கும் அதே நொதியத்தையே பிடிக்கும்.

முதலில் அடையாளம் காட்டுவது பல வேளைகளிற் கண்ணே. கண்மணி சுருங்கும், பார்வை மங்கும், நெற்றி வலிக்கும். அடுத்து வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், வயிறு பிசையும், நெஞ்சு இறுகும், தசைகள் தோலின் கீழே நெளிவது போலத் துடிக்கும். வெயிலில் வேலைசெய்த களைப்பு என்று இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வெயிலின் களைப்பு கண்மணியை ஊசித்துளையாக்காது.

இதற்கு மாற்று மருந்தாக மருத்துவர் முதலிற் கையாளுவது அத்திரோபீன். ஊமத்தையிலும் அதனையொத்த செடிகளிலும் உள்ள நஞ்சு இதுவே. தூதுப் பொருளைத் திறவுகோல் எனக் கொண்டால், அது திறக்கும் பூட்டுகள் இருவகை. கண்மணி, சுரப்பிகள், இதயம், சுவாசக் குழாய்கள் ஆகியவற்றில் உள்ளவை ஒருவகை. கை கால்களையும் மார்பையும் இயக்கும் தசைகளில் உள்ளவை மற்றொருவகை. அத்திரோபீன் முதல்வகைப் பூட்டுகளை மூடிக்கொள்ளும். ஆகவே மூச்சுக் குழாயில் நிறையும் நீர் வற்றும், இதயம் சீராகும். இரண்டாம் வகையை அது தொடுவதில்லை. மருந்தின் அளவை நாடியும் மூச்சும் பார்த்துக் கணத்துக்குக் கணம் தீர்மானிக்கவேண்டியிருப்பதால், இது வைத்தியசாலையில் மட்டுமே செய்யத்தக்கது. வீட்டிலே ஊமத்தையை அரைத்துக் கொடுப்பது ஒரு நஞ்சின்மேல் இன்னொரு நஞ்சை ஏற்றுவதாகும்.

அத்திரோபீன் தொடாத அந்த இரண்டாம் வகைப் பூட்டிலேதான் இலங்கை மருத்துவரின் கண்டுபிடிப்பு அமைந்தது. பேராதனையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் நிமல் சேனாநாயக்கவும், லக்ஷ்மன் கரல்லியத்தவும் 10 நோயாளரை ஆராய்ந்தனர். முதல் நாளின் கொடுமை கடந்து, வியர்வையும் உமிழ்நீரும் அடங்கி, ‘பிழைத்துக்கொண்டார்’ என்று உறவினர் ஆறுதல் கொண்ட வேளையிலே அவர்களுக்குப் புதியதொரு தளர்ச்சி தோன்றிற்று. நஞ்சு புகுந்து 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் கழுத்து வலுவிழந்தது. தோள்களும் தொடைகளும் சோர்ந்தன. தலையையும் முகத்தையும் சேர்ந்த சில நரம்புகளின் தசைகள் தளர்ந்தன. மூச்சுத் தசைகளும் தளர்ந்தன. 4 பேருக்கு உடனடியாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. 3 பேர் இறந்தனர். தளர்ச்சி சிலரிடம் 18 நாள் வரை நீடித்தது.

நரம்பை மின்னால் விரைவாகத் தூண்டித் தசையின் மறுமொழியை அளந்தபோது, அது படிப்படியாக நலிந்து போவதை அவர்கள் கண்டனர். குற்றம் நரம்பிலே அன்று. நரம்பும் தசையும் சந்திக்கும் அச்சிறு வெளியிலே, தசையின் பக்கத்திலே என்று அவர்கள் கருதினர். இடைவிடாது தட்டப்பட்ட கதவின் பூட்டுப் பழுதடைவது போன்ற நிலை அது. முன்னரே அறியப்பட்டிருந்த உடனடி விளைவுக்கும், வாரங்கள் கழித்து வரும் விளைவுக்கும் நடுவே தோன்றுவதால் இதனை ‘இடைநிலை நோய்க்கூட்டம்’ என அழைத்தனர். 1987 இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில் இவ்வாய்வு வெளிவந்தது. கிருமிநாசினி நஞ்சுக்கு ஆளானவரின் கழுத்தைச் சோதிப்பதும், தலையணையினின்று தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதும் இன்று உலகெங்கும் வழக்கமாயின. தலையைத் தூக்க இயலாதவருக்கு மூச்சும் விரைவில் தளரலாம் என்பதை மருத்துவர் முன்கூட்டியே உணர்ந்து ஆயத்தமாகலாம்.

மூன்றாவது விளைவு இன்னும் பிந்தி வருவது. நஞ்சு புகுந்து இரண்டு மூன்று வாரங்களின் பின், நீண்ட நரம்புகளின் கடைக்கோடி அழியத் தொடங்குகிறது. கால்களுக்குச் செல்லும் நரம்புகளே மிக நீண்டவையாதலால் முதலிற் பாதம் தொய்கிறது, நடை கெடுகிறது. இதற்கும் இலங்கையிலே துயரமான சான்றொன்று உண்டு. 1977, 1978 ஆம் ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட இளஞ் சிறுமியர்க்குக் கைகால்கள் தளர்ந்தன. பருவமெய்திய பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெய் ஊட்டுவது தமிழரின் பழைய வழக்கம். அந்த எண்ணெயிலே பொசுபரசுச் சேர்வையொன்று கலந்திருந்தமையே காரணம் என்று சேனாநாயக்கவும் பேராசிரியர் ஜெயரத்தினமும் கண்டு, 1981 இல் வெளியிட்டனர். முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. உடலைத் தேற்றுவதற்காக அன்போடு கொடுத்த எண்ணெயே பிள்ளைகளின் நடையைக் கெடுத்தது. கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் மருந்துப் போத்தலையும் தகரத்தையும் வீட்டுப் பாவனைக்கு எடுப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்கண்டுபிடிப்புகள் ஆய்வேடுகளோடு நின்றுவிடவில்லை. ஜெயரத்தினமும் பிறரும் 1982 இல் வெளியிட்ட ஆய்வொன்று, இலங்கையில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 13,000 பேர் கிருமிநாசினி நஞ்சினால் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுவதையும், அவர்களுள் ஏறக்குறைய 1,000 பேர் இறப்பதையும் எடுத்துக்காட்டிற்று. அரசு படிப்படியாக நடவடிக்கை எடுத்தது. சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் கண்ட நோயாளரைத் தாக்கிய மருந்துகள் நான்கு. அவற்றுள் மெதமிடொபொஸ், மொனோகுரோட்டொபொஸ் ஆகிய இரண்டும் 1995 இல் தடைசெய்யப்பட்டன. டைமெதொயேற்று, பென்தியோன் ஆகிய மற்றிரண்டும் 2008 முதல் 2011 வரையிலான காலத்தில் விலக்கப்பட்டன. 1995 முதல் 2015 வரையில் இத்தகைய தடைகளால் ஏறக்குறைய 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். அவர்களுட் பெரும்பாலானோர் மனமுடைந்த ஒரு கணத்திலே கொடிய நஞ்சு கைக்கெட்டாமற் போனமையால் வாழ்வு பெற்றவர்கள். மனம் தேறுவதற்குக் காலம் வேண்டும்; அக்காலத்தை அத்தடைகள் அளித்தன.

எனினும் தோட்டங்களிலிருந்து நரம்பு நஞ்சுகள் முற்றாக நீங்கிவிட்டன என்று கொள்ளலாகாது. ஒன்று போக மற்றொன்று வருவது சந்தையின் இயல்பு. நுரைச்சோலை போன்ற மணல் நிலத்திலே வேறொரு கவலையும் உண்டு. மணல் நீரை விரைவாக உறிஞ்சிக் கீழே விடும். கிணற்று நீரோ ஆழமற்றது. தோட்டத்துக்கும் குடிப்பதற்கும் அந்நீரே உதவுகிறது. கற்பிட்டிப் பகுதிக் கிணறுகளிலே பசளையின் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மேலே இடுவது கீழே இறங்கும் என்பதற்கு அதுவே போதிய சான்று. மருந்துத் தாங்கியைக் கிணற்றடியில் வைத்துக் கழுவுதல் ஆகாது என்பதற்கு இதனினும் வலிய நியாயம் வேண்டியதில்லை.

நரம்பின் இயல்பை அறிந்தவர்க்குக் காப்பு முறைகள் தாமே விளங்கும். தோல் நஞ்சை உள்ளே விடும். வியர்த்த தோல் இன்னும் எளிதாக விடும். ஆகவே நீண்ட கைச்சட்டையும் கையுறையும் அணிந்து, வெயில் ஏறுமுன் காற்றின் திசையறிந்து, தம்மேற் படாத வகையில் தெளித்தல் நன்று. அடைபட்ட குழாயை வாயால் ஊதுதல் கூடாது. வேலை முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுக் குளித்து, அணிந்த துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காது தனியே தோய்த்தல் வேண்டும். அதே துணியோடு குழந்தையைத் தூக்குதல் ஆகாது. மருந்து, பூட்டிய பெட்டியிலே, பிள்ளைகளின் கைக்கும் கலங்கிய மனத்தின் கைக்கும் எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

எவருக்கேனும் நஞ்சு புகுந்ததாக ஐயம் எழுந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். மருந்தின் போத்தலையோ அதன் சீட்டையோ உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பேருதவியாகும். முதல் நாள் தேறியவரை, ‘சுகமாகிவிட்டது’ என்று வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்துவருதல் ஆபத்தானது. இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள்களே கழுத்தும் மூச்சும் தளரக்கூடிய நாள்கள் என்பதைப் பேராதனை ஆய்வு நன்கு புலப்படுத்தியது. மருத்துவர் போகச் சொல்லும்வரை கட்டிலிலே இருப்பது வீண் செலவன்று.

கண் ஓர் இலையைக் காண்பதற்கும் கை அதனைத் தொடுவதற்கும் இடையே எண்ணிறந்த தூதுகள் எழுந்து அழிகின்றன. அவை எழுவதை மட்டும் உயிரின் செயல் என்று கருதுதல் பிழை. உரிய வேளையில் அழிவதும் உயிரின் செயலே. அத்திறனைப் பூச்சியிடமிருந்து பறிக்கும் மருந்துக்கு மனிதனை வேறுபிரித்து அறியத் தெரியாது. அவ்வேறுபாட்டைக் காக்கவேண்டிய பொறுப்பு, அதனைச் சட்டத்தால் ஆளும் அரசுக்கும், விற்கும் வணிகருக்கும், தோளிற் சுமக்கும் தோட்டக்காரருக்கும் உரியதாகும்.